நாலு பக்கமும் உயர்ந்த தளம்

எங்கள் வீட்டில் தகரக் கொட்டகைக்குத் தளம் போட வேண்டி வந்ததற்குக் காரணம் நான்தான். முந்தின வருடம் சாமை மூட்டைகளை வெறும் மண்ணில் அடுக்கி, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தி, ஒன்றும் ஆகாது என்று சொன்னவன் நான். மேலிருந்து ஒரு சொட்டு இறங்கவில்லை. கீழிருந்து ஈரம் ஏறி அத்தனையும் முளைவிட்டது. அன்றிலிருந்து எந்தப் பேச்சை எடுத்தாலும் என் மனைவி அதை முளைத்த சாமையில் கொண்டுபோய்த்தான் முடிப்பாள். டிவி ரிமோட் தொலைந்தாலும் அதேதான். இந்த முறையும் நனைந்தால் சந்தவாசலில் இருக்கும் என் அம்மா வீட்டுக்கே பஸ் ஏற்றிவிடுவதாகச் சொல்லியிருந்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நம்பினேன், ஆனால் முழுதாக இல்லை.

கீழே திருப்பத்தூரிலிருந்து மேஸ்திரி மலையேறி எங்கள் ஊருக்கு வந்தார். சரிவை வெட்டிச் சமமாக்கி, கல் பரப்பி, திமிசுக் கட்டையால் இடித்து, மதியத்துக்குள் கான்கிரீட் போட்டு முடித்தார்.

"ரசமட்டம் வெச்சிப் பாத்துட்டேன், சரியா இருக்குது. யாரும் கை வெச்சிடாதீங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

காவலுக்கு நான் நின்றேன். நிற்க நிற்க, மேட்டுப் பக்கம்தான் கண்ணில் பட்டது. மழை வந்தால் அங்கிருந்துதானே தண்ணீர் இறங்கும்? திருப்பத்தூர்க்காரருக்கு மலைத் தண்ணீரின் குணம் என்ன தெரியும் என்று கோபமே வந்தது. நானும் கல்யாணத்துக்குப் பிறகு மலையேறி வந்த கீழ்நாட்டுக்காரன்தான் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. மேஸ்திரியின் கரண்டியை எடுத்தேன். நடுவிலிருந்து கொஞ்சம் வழித்து மேட்டோரம் அப்பினேன். ஒரு விரற்கடைதான். தடவி மழுப்பிவிட்டு, பூனை மாதிரி சாப்பிடப் போய்விட்டேன்.

மறுநாள் காலை, தளம் வெடிக்காமல் இருக்க மேஸ்திரி தண்ணீர் ஊற்றினார். நான்கு குடம் ஊற்றியும் ஒரு சொட்டு வெளியே போகவில்லை. எல்லாம் நடுவில் போய்க் குளமாக நின்றது. ஒரு கோழி வந்து குடித்தது.

"இது தளமா, தாம்பாளமா?" என்றார் மேஸ்திரி.

என் மனைவி என்னைப் பார்த்தாள். "இன்னா பண்ணீங்க?"

"மேட்டுப் பக்கம் கொஞ்சம் ஒசத்தினேன்."

அவ்வளவுதான். போன வருடத்துச் சாமை மறுபடி முளைத்தது. அவள் இரைந்துகொண்டிருந்தபோது அவளுடைய அம்மா குறுக்கே வந்தார்.

"அவர இன்னாத்துக்குத் திட்டற? மாட்டுக் கொட்டாப் பக்கம் நான்தான் ஏத்தினேன். அவரு சாப்புடப் போனப்போ. தண்ணி வந்து மாடு சேத்துல படுக்கவா?"

என் மனைவியின் குரல் சட்டென்று இறங்கியது. கொஞ்ச நேரம் புடவை முந்தானையைத் திருகினாள். "வூட்டுச் செவுரு நனையக் கூடாதுன்னு இந்தப் பக்கம் நானும் லேசா..."

மூன்று பக்கம் ஆயிற்று. பள்ளத்துப் பக்கம் மட்டும் தண்ணீர் ஏன் வழியவில்லை? எல்லோரும் மேஸ்திரியைப் பார்த்தோம். அவர் தலைக்கட்டை அவிழ்த்து உதறினார்.

"அந்தப் பக்கம் தண்ணி வுழுந்தா மண்ணு அரிச்சிடும்ங்க. சாப்டுட்டு வந்து நான்தான் ஒரு கை வெச்சேன்."

எனக்கு வந்த சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். முதலில் சிரித்தது அவள்தான்.

மேஸ்திரி பள்ளத்தோரத்தைக் கொத்திவிட்டு, தண்ணீர் வழிய அந்தப் பக்கமாக வாட்டம் கொடுத்து மேலே இன்னொரு பூச்சுப் பூசினார். பூசி முடித்து அது இறுகும்வரை எங்கள் மூன்று பேரையும் வீட்டுக்குள் போகச் சொல்லிவிட்டு, கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

ஐப்பசி மழை மூன்று நாள் விடாமல் அடித்தது. நான்காம் நாள் காலை அவள் கொட்டகைக்குள் போய், அடி மூட்டையை அவிழ்த்து முழங்கை வரை கையை விட்டாள். நான் தூறலில் நனைந்தபடி வாசலிலேயே நின்றேன். உள்ளே போகத் தைரியம் இல்லை.

"காஞ்சிதான் இருக்குது" என்றாள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மழையில இன்னாத்துக்கு நிக்கிறீங்க? உள்ள வாங்க."

அதைக் கேட்கத்தான் ஒரு வருடமாகக் காத்திருந்தேன்.