கிளி மூக்கு

என் மகள் இப்போது பள்ளி விட்டு வந்ததும் பையை அந்த மேசைமேல்தான் எறிகிறாள். அவள் பத்து மாதக் குழந்தையாக அதைப் பிடித்து எழுந்து நின்ற நாட்கள் எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் ரிட்டையர் ஆகிக் காலி செய்தபோது, லாரியில் இடமில்லை என்று அந்த அம்மா கொடுத்துவிட்டுப் போன மேசை அது. முழங்கால் உயரம். எந்தக் காலத்திலோ ஓர் ஆசாரி கையால் செய்தது. கருத்த பலகையில் பள்ளம் பறித்து, மஞ்சள் பலாமரத் துண்டுகளைப் பதித்துக் கிளிகளும் ஒரு யானையும் செய்திருந்தார். கிளிகள் யானையைவிடப் பெரியவை. மகள் இடித்துக்கொள்வாளே என்று மூலைகளில் பழந்துணி கட்டினேன். துணியைச் சப்புவாளே என்று அவிழ்த்தேன்.

ஒரு காலை, கணவர் நிலக்கரிச் சுரங்கத்தில் முதல் ஷிஃப்டுக்குப் போயிருந்தார். குக்கரை அணைத்துவிட்டு வந்தால், குழந்தை மேசையில் முகம் பதித்து எதையோ மென்றுகொண்டிருக்கிறாள். ஒரு கிளிக்கு மூக்கு இல்லை. கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு பள்ளம். வாயில் விரல் விட்டுத் துழாவினேன், எச்சில்தான் வந்தது. நேற்று அந்த மூக்கு இருந்ததா? தினமும் துடைக்கும் எனக்கு நினைவில்லை.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு அக்காவிடம் ஓடினேன். அவருக்குச் சொந்த ஊர் பக்கத்திலிருக்கும் மந்தாரக்குப்பம்.

"அக்கா, பாப்பா மரத்தை முழுங்கிட்டா!"

"முழு மரத்தையுமா? புள்ள சிரிச்சிகினு கெடக்குது, நீதான் மூச்சு வுடாம நிக்கிற. வா, காட்டு."

வந்தவர் கொண்டையிலிருந்து ஊசியை உருவிப் பள்ளத்தைக் கிளறினார். கட்டிதட்டிய கறுப்புத் தூள் பெயர்ந்து வந்தது. சுரங்கத்திலிருந்து பறந்து வந்து எங்கள் கொடித் துணியிலும் ஜன்னல் கம்பியிலும் படிகிற அதே கரித்தூள்.

"இன்னிக்கு வுழுந்த பள்ளத்துல இத்தினி கரி எப்புடிம்மா அடையும்? மூக்கில்லாத கிளிதான் உன் வூட்டுக்கே வந்துது."

"தினம் துடைக்கிறேனே அக்கா, எப்படிப் பார்க்காம இருந்தேன்?"

"நீ அழுக்கப் பாத்த. கிளிய எங்க பாத்த?"

அப்போதும் எனக்கு மனம் ஆறவில்லை. காலி செய்துபோன அம்மாவுக்குப் போன் செய்து, தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அதுவா? எங்க பெரியவன் தவழற வயசுல புடுங்கினது. முழுங்கினானோ எறிஞ்சானோ, நானும் ரெண்டு நாள் அழுதுகினே தேடினேன். கிடைக்கல."

"அவர் இப்ப நல்லா இருக்காரா ஆன்ட்டி?"

அவர் சிரிப்பை அடக்க நேரம் பிடித்தது. "அவனுக்கே ரெண்டு புள்ளைங்கம்மா!"

போனை வைத்ததும் மற்ற துண்டுகளை ஒவ்வொன்றாக நகத்தால் ஆட்டிப் பார்த்தேன். எல்லாம் இறுகித்தான் இருந்தன. பிறகு மகளை மேசையருகே நிறுத்தினேன். குனிந்து யானையை நக்கினாள். தூக்கலாமா என்று கை நீண்டது. மடக்கிக்கொண்டேன்.