மொட்டைக் கடாவுக்குப் போகும் பாதை

ஹோரஸ் ஓக்கர்பி விளக்குக் கம்பத்தில் இடித்துக்கொண்டால் கம்பத்திடம் மன்னிப்புக் கேட்பார். பள்ளிக்கூட பஸ் ஓட்டிய காலத்தில், சாலையைக் கடக்கும் செம்மறிகளுக்காக வண்டியை நிறுத்தி, தொப்பியைத் தூக்கி, "அவசரமில்லைங்க, மெதுவா போங்க" என்பார். பின்சீட்டுப் பிள்ளைகள் அதையே மூக்கால் பேசிக் காட்டும். "அச்சு அசலா என் குரலேதான், நன்றி" என்று அதற்கும் ஒரு நன்றி வரும்.

அப்பேர்ப்பட்ட மனுஷனால்தான் பாதை பறிபோகப்போகிறது என்று அந்தச் சித்திரை ஞாயிறன்று ஊரே பயந்துகொண்டிருந்தது.

ஆற்றுப்பாலத்தில் தொடங்கி, ரெய்ஸ்ட்ரிக் பண்ணைக்குள் புகுந்து, 'மொட்டைக் கடா' மதுக்கடையில் முடிகிற ஒற்றையடிப் பாதை அது. யார்க்ஷயரின் அந்த மூலையில் ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும். சர்க்கார் வரைபடத்துக்கு மட்டும் தெரியாது. கிழவர் ஜெத்ரோ ரெய்ஸ்ட்ரிக் கண்ணை மூடினார். பண்ணைக்கு வந்த தம்பி மகன் காலின் கதவுக்குப் பூட்டுப் போட்டான். சட்டம் என்ன சொல்கிறதென்றால், இருபது வருஷம் யாரும் தடுக்காமல், யாரிடமும் அனுமதி வாங்காமல் ஜனங்கள் நடந்திருந்தால் அது ஊர்ப்பாதை. அனுமதி வாங்கி நடந்திருந்தால் வெறும் சலுகை, கொடுத்தவன் பிடுங்கிக்கொள்ளலாம். அத்தனை வருஷமும் ஞாயிறு தவறாமல் நடந்து, இன்றும் உயிரோடு இருப்பவர் ஹோரஸ் ஒருவர்தான். தும்முவதற்கே அனுமதி கேட்கிற ஆள்!

விசாரிக்க வந்திருந்த அதிகாரி பெல்வுட் அம்மாள், பாதையை நடந்தே பார்த்துவிடலாம் என்றாள். அவளை முன்னால் விட்டுவிட்டு, பள்ளிக்கூடச் சமையற்காரியாக இருந்த டில்லி, ஹோரஸின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இந்தா பாரு கண்ணு, ஜெத்ரோகிட்ட அனுமதி கேட்டியான்னு அந்தம்மா கேப்பா. 'இல்லை'ன்னு சொல்லிட்டு வாயை மூடிக்கோ. வாலு ஒண்ணும் ஒட்டாதே."

"பொய் சொல்லச் சொல்றியா டில்லி?"

"அடப்பாவி, அப்போ கேட்டுத் தொலைச்சிட்டியா?"

ஹோரஸ் எதிரே வந்த ஆட்டுக்கு ஒதுங்கி வழிவிட்டார்.

காட்டுப்பூண்டு வாசம் ஓடைக்கரையெங்கும் ஏறியிருந்தது. அவர் மனைவி மேவிஸுக்கு அந்த வாசம் பிடிக்காது. மூக்கைப் பொத்திக்கொண்டே பாட்டு முணுமுணுத்து வருவாள். மதில் படிக்கல்லைத் தாண்டும்போது அவள் பாவாடை எப்போதும் ஒரே இடத்தில் மாட்டும். "மாட்டிக்கிச்சு ஹோரஸ், எடுத்து விடு." அவள் போய் ஏழு வருஷமாகியும் அந்தக் கல்லில் அவர் ஒரு நிமிஷம் நின்றுதான் தாண்டுகிறார்.

மேட்டின் மேலிருந்த பட்டைக்கல்லைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"இதான் பொணக்கல்லுங்க. அந்தக் காலத்துல மாதா கோயிலும் கல்லறையும் அந்தக் கரையில. மேட்டுக்காரங்க பொணப்பொட்டியை இங்க இறக்கி மூச்சு வாங்குவாங்க. அப்புறம் மொட்டைக் கடாவுல தொண்டையை நனைப்பாங்க. ஒருதடவை தொண்டை அதிகமா நனைஞ்சிடுச்சு. கோயிலுக்குப் போய்ச் சேந்தப்புறம்தான் பொட்டி இங்கயே கிடக்கறது ஞாபகம் வந்துச்சாம்."

பெல்வுட் அம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். பண்ணை முற்றம் வந்தது. ஹோரஸ் தானாகத் தொப்பியைக் கழற்றியதும் டில்லி அதைப் பிடுங்கி மறுபடி அவர் தலையில் அழுத்தினாள்.

மொட்டைக் கடாவில் சேற்றுப் பூட்ஸின் மேல் பிளாஸ்டிக் பைகளை மாட்டிக்கொண்டு சரசரவென்று உள்ளே போனார்கள். காலின் கணப்பருகே பீரோடு உட்கார்ந்திருந்தான். டில்லி பன்றிக்கறி அடைத்துச் சுட்ட பணியாரம் நாலு வாங்கி வைத்தாள். பெல்வுட் அம்மாள் நுரையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஓக்கர்பி, ஜெத்ரோகிட்ட நீங்க எப்பவாவது அனுமதி கேட்டீங்களா?"

ஹோரஸின் காது சிவந்தது.

"இல்லைங்க. சொல்லவே வெக்கமா இருக்கு."

டில்லி விட்ட மூச்சில் கணப்பே அசைந்திருக்கும்.

"முதல் வாரமே கேட்டிருக்கணுங்க. விட்டுட்டோம். அடுத்த வாரம் கேட்டா, போன வாரம் கேக்காம வந்தது தெரிஞ்சுடுமே! மூணாம் வாரம் இன்னும் சங்கடம். வருஷம் ஆக ஆக வாயே திறக்க வரல. அவர் முற்றத்துலதான் நிப்பாரு. நான் தொப்பியைத் தூக்குவேன், அவர் முதுகைக் காட்டுவாரு."

"தடுத்ததில்லையே?"

"ஒருநாளும் இல்லைங்க. மேவிஸ்தான் பொறுக்கல. 'அடுத்தவங்க நிலத்துல இப்படி நடக்கறோமே, நீயெல்லாம் ஆம்பளையா'ன்னு திட்டுவா. ஒரு கிறிஸ்துமஸுக்குப் பழக் கேக் சுட்டுத் தந்தா, 'இதைக் கையில கொடுத்துட்டுக் கேளு'ன்னு. முற்றம் வரைக்கும் போனோம். கால் எழும்பல. தொழுவத்துக்குப் பின்னாடி நின்னு நாங்களே தின்னுட்டோம். அவ சிரிச்ச சிரிப்புல படுத்திருந்த மாடெல்லாம் எழுந்துடுச்சு."

அவர் மூக்கைச் சிந்திக்கொண்டு, சிந்தியதற்கு மன்னிப்பும் கேட்டார்.

காலின் பீரைக் கீழே வைத்தான். "கேக்கோட வந்து கேட்டிருந்தா பெரியப்பா 'போய்க்கோய்யா'ன்னு சொல்லியிருப்பாரு. இன்னிக்கு நான் ஜெயிச்சிருப்பேன்."

"அப்போ பாதை ஊருக்குத்தான். என் பங்குக்கு அப்படித்தான் எழுதுவேன்" என்றாள் பெல்வுட் அம்மாள். கடைக்காரர் மணியை அடித்தார். யாரோ மேஜையைத் தட்டினார்கள்.

ஹோரஸுக்கு மட்டும் சந்தோஷம் வரவில்லை. வாழ்நாளில் அவர் செய்த ஒரே மரியாதைக் குறைவுக்கு ஊரே கைதட்டுகிறது. இதைக் கேட்டால் மேவிஸ் என்ன சொல்வாள்? அவர் எழுந்து, கோட்டை நீவிவிட்டு, காலின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. இனிமேலாவது முறையா இருக்கட்டும். உங்க நிலத்துல நாங்க நடந்துக்கறதுக்கு, நீங்க தயவு பண்ணி…"

டில்லியின் கை பறந்தது. ஒரு முழுப் பன்றிக்கறிப் பணியாரம் ஹோரஸின் வாய்க்குள் போய்விட்டது.

"மெல்லு" என்றாள். "நிதானமா மெல்லு கண்ணு."

வாயில் வைத்துக்கொண்டு பேசுவது மரியாதையில்லை. ஹோரஸ் உட்கார்ந்து மென்றார்.