முகத்தில் கட்டுப்போட்ட ஆள்

பார்சல் கிடங்கில் எடைமேடைக்கு முன்னால் வேலை அப்படியே நின்றுபோயிருந்தது. முந்தின நாள் டிவி தொடரில், முகம் முழுக்கக் கட்டுப்போட்ட ஓர் ஆள் வந்து வக்கீல் வீட்டுக் கதவைத் தட்டியிருந்தான். தீயில் செத்துப்போனதாக ஊரே அழுது முடித்த வக்கீலா அது, வேறு யாராவதா? கிடங்கு இரண்டாகப் பிரிந்து நின்றது.

"வக்கீலேதான். தீயில செத்தவர் உடம்பை யாராவது காட்டினாங்களா? சொல்லு பாப்போம்" என்றார் மூட்டை தைப்பவர்.

"போய்யா. அது வில்லனோட டிரைவர். சொத்தை அமுக்க வேஷம் கட்டிட்டு வந்திருக்கான்" என்றார் லாரிக்காரர்.

"டிரைவருக்கு ஏதுய்யா அவ்வளவு உயரம்?"

"ஏன், உயரத்தை வக்கீலுக்கு மட்டும் எழுதி வச்சிருக்கா? நம்ம நெட்டைகூடத்தான் உயரம். அப்போ இவன்தான் வக்கீலா?"

கிடங்கே சிரித்தது. எடைமேடைக்குப் பின்னால் நின்ற நெட்டையும் சிரித்து வைத்தான். கட்டுக்குள் இருந்தது அவன்தான்.

வக்கீலாக நடித்தவர் ஏதோ ஒரு படத்தில் போய் மாட்டிக்கொண்டார். ஓடுகிற தொடரை நிறுத்த மனமில்லாதவர்கள் கதையில் தீ வைத்தார்கள், முகத்துக்குக் கட்டுப் போட்டார்கள். அதே உயரமும் தோளும் உள்ள ஆள் தேவைப்பட்ட நேரத்தில், தொடருக்கான உடைப் பெட்டிகளை அனுப்ப வந்த பெண்மணி எடைமேடைக்குப் பின்னால் இவனைப் பார்த்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். வசனம் கிடையாது. வக்கீலின் முகம் திரையில் தெரியும்வரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது.

ஞாயிறு என்றதும் அவன் தலையாட்டிவிட்டான். அம்மா படுக்கையில் இருந்தவரை அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை போதவே போதாது. விரிப்பு துவைப்பது, நகம் வெட்டிவிடுவது, வெயிலில் நாற்காலி போட்டு உட்காரவைப்பது என்று பொழுது ஓடிவிடும். அம்மா போன பிறகு அந்த வீட்டில் அவன் பெயரைச் சொல்ல ஆளில்லை. கிடங்கிலும் நெட்டைதான்.

முதல் நாள் படப்பிடிப்பில் "போய் உக்காருங்க" என்றார் இயக்குநர். அவன் யோசிக்காமல் நாற்காலியின் முதுகைப் பிடித்து இரண்டு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான். "அது நல்லா இருக்கே, விடாதீங்க" என்றார் அவர். விடச் சொன்னாலும் விட்டிருக்க முடியாது. சின்ன வயதில் வீட்டிலிருந்த ஒரே நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. ஆட்டிப் பார்க்காமல் உட்கார்ந்து குப்புற விழுவான். அக்கா கைகொட்டிச் சிரிப்பாள். "ஆட்டிப் பாத்துட்டு உக்காருன்னா கேக்குதா இந்தப் பிள்ளை?" என்று அம்மா கத்துவாள்.

அன்றிலிருந்து அவனுக்குள் ஓர் ஆசை முளைத்தது. வாய் திறக்கத்தான் கூடாது. ஆனால் அக்கா தொடரைப் பார்க்கிறவள். அவளாகக் கண்டுபிடித்தால்? 'டேய், அது நீதானே?' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

ஒரு சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனான். தொடர் ஓடிக்கொண்டிருந்தது. கட்டுப்போட்ட ஆள் நாற்காலியை ஆட்டினான்.

"பாத்தீங்களா! வக்கீல் எப்பவும் இப்படித்தான் ஆட்டிட்டு உக்காருவாரு" என்றாள் அக்கா.

"முன்னாடி எப்போடி ஆட்டினாரு? இது வேற எவனோ" என்றார் அத்தான்.

"ஆரம்பத்துலேர்ந்தே ஆட்டுவாரு. நீங்க பேப்பருக்குள்ள தலையை விட்டுக்கிட்டா எப்படித் தெரியும்? ஒரு பழக்கம் போதும், ஆளைக் கண்டுபிடிச்சிரலாம்."

அக்கா தன் பக்கம் திரும்புவாளா என்று நெட்டை பார்த்தான். சாப்பிடக் கூப்பிட்டார்கள். நாற்காலியை இழுத்தான். கை தானாக இரண்டு முறை ஆட்டியது.

"ஐயே, நீயும் ஆரம்பிச்சிட்டியா? ஊரே அந்த ஆளைப் பாத்து இப்படித்தான் ஆட்டுது" என்று சிரித்தாள் அக்கா.

"நான் சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான்க்கா. நம்ம வீட்ல ஒரு நாற்காலி இருந்துச்சே, குட்டைக் கால்..."

"நம்ம வீட்ல ஏதுடா நாற்காலி? ரெண்டு ஸ்டூலுதானே இருந்துச்சு."

"இல்லக்கா, நான்கூட விழுந்து..."

"நீ எதுலதான் விழல? சாப்பிடு, ஆறுது."

அம்மாவைக் கேட்டால் தெரிந்துவிடும் என்று வாய்வரை வந்தது. சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கினான். வீட்டுக்குத் திரும்பும்போது அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை ஸ்டூல்தானோ? இதைத் தீர்த்துவைக்க இனி உலகத்தில் யார் இருக்கிறார்கள்?

சில வாரங்களில் நடிகர் திரும்பி வந்தார். இவன் முகத்துக் கட்டை அவிழ்த்தார்கள், புதுக்கட்டு ஒன்றை அவர் முகத்தில் சுற்றினார்கள். "நாற்காலியை எப்படி ஆட்டணும்?" என்று அவர் மரியாதையாகக் கேட்டார். இவன் ஆட்டிக் காட்டினான். ஒரே தடவையில் அவர் அச்சு அசலாகச் செய்துவிட்டார். நன்றி சொல்லிக் கை குலுக்கி அனுப்பினார்கள்.

முகம் திரையில் வந்த அன்று அக்கா போன் செய்தாள்.

"அவரேதான்டா! நான் சொன்னேன்ல? உங்க அத்தான் மூஞ்சியப் பாக்கணுமே!"

"பாத்தேன்க்கா."

இனி சொல்லலாம். தடை முடிந்துவிட்டது. அவன் தொண்டையைச் செருமினான். அதற்குள் அவள் குரல் இறங்கிவிட்டது.

"சிரிக்காதடா. அவரு நாற்காலிய ஆட்டினாரா, எனக்கு என்னமோ அம்மா ஞாபகம் வந்திருச்சு. ஏன்னே தெரியல. அழுதுட்டேன். வக்கீலுக்காக அழறேன்னு இவரு கிண்டல் பண்றாரு."

அம்மாவைப் புதைத்த நாளுக்குப் பிறகு இருவரும் அவளைப் பற்றிப் பேசியதே இல்லை. இப்போது உண்மையைச் சொன்னால் அக்கா கூச்சல் போடுவாள், அத்தானைக் கூப்பிடுவாள், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவாள். பேச்சு அவன் பக்கம் திரும்பிவிடும். அம்மா அந்தச் சத்தத்தில் போய்விடுவாள்.

"எப்படி வந்தாங்கக்கா ஞாபகத்துல?" என்று கேட்டான்.

"கையில கரண்டியோட வாசப்படியில நிக்கிறாங்க. யாரையோ திட்டிட்டிருக்காங்க. யாருன்னு தெரியல."

"ம்."

"கோவமாவும் இல்லடா. சிரிப்பை அடக்கிக்கிட்டுத் திட்டுவாங்கல்ல, அந்த மாதிரி."

"ஆமாக்கா" என்றான் அவன். "சொல்லு. அப்புறம்?"