நாடகத்துக்குள் போன என் பொய்

அந்த அமெரிக்கப் பெண் நாடகாசிரியர் டேனிஷ் நகரமான ஹொல்ஸ்டெப்ரோவுக்கு வந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. இங்குள்ள நாடகக் குழுவொன்றுக்காக அகதிகளைப் பற்றி எழுத வந்திருந்தார். ஊரில் ஆசிரியராக இருந்த எனக்கு ஆங்கிலம் தெரியும். மொழிப்பள்ளி முடிந்ததும் கோப்பி வாங்கித் தந்து கதைக்க வைப்பார்.

தமிழ் அகதிகளின் குடும்பங்களை அழைக்கும் விண்ணப்பங்களை அரசு கிடப்பில் போட்டிருந்த காலம் அது. என் மனைவியும் மூன்று வயது மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருந்தார்கள்.

"மகள் பிறந்தபோது எங்கே இருந்தீர்கள்?" என்று ஒருநாள் கேட்டார். சொல்லிவிட்டேன். அவள் என் அண்ணாவின் பிள்ளை. அண்ணாவும் அண்ணியும் ஷெல்லடியில் போனபின் எட்டு மாதத்திலிருந்து நாங்கள் வளர்த்தோம். அண்ணன் பிள்ளையைத் தத்தெடுக்க எங்களில் யாரும் நீதிமன்றம் போவதில்லை. விண்ணப்பத்தில் 'மகள்' என்று எழுதினேன். இந்த நாட்டுச் சட்டத்தில் அது பொய் என்பது பிறகுதான் தெரிந்தது. அதன்பின் தொலைபேசியில் என்னைச் 'சித்தப்பா' என்று கூப்பிடாமலிருக்க மனைவி அவளைப் பழக்கினாள்.

அடுத்த வாரம் நாடகாசிரியர் தட்டச்சுப் பக்கங்களைத் தந்தார். எல்லாம் இருந்தது. பெயர்கள் மட்டும் வேறு.

என்னோடு அறையில் இருந்தவர் மன்னார்க்காரர், என்னிலும் மூத்தவர். "என்ன மாஸ்டர், பேயைக் கண்ட மாதிரி இருக்கிறீர்?" என்றார். சொன்னேன்.

"வெள்ளைக்காரி சிரிச்சுக் கேட்டா உமக்கு வாய் நிக்காது. பொலிசுக்கு நேரா ஒரு கடிதம் போட்டிருக்கலாமே."

"பகிடியை விடுங்கோ அண்ணை. இப்ப என்ன செய்யிறது?"

"போய்க் கேளும். பைபிளே அது, கிழிக்கேலாதெண்டு?"

ஒத்திகை மண்டபத்துக்குப் போனேன். "இதை எடுத்தால் நாடகமே நிற்காது" என்றார் அவர். "எடுக்காவிட்டால் என் பிள்ளை வரமாட்டாள்" என்றேன். அவர் பென்சிலால் நான்கு பக்கங்களுக்குக் குறுக்கே கோடிட்டார். கிழிக்கவில்லை. மடித்துத் தன் பையில் வைத்தார். கேட்டு வாங்க எனக்குத் துணிவு வரவில்லை.

அரசு விண்ணப்பங்களை மறுபடி எடுத்தபின் மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். 'சித்தப்பா' என்ற பழைய அழைப்பை மகள் மறந்தாள். நாங்கள் நினைவூட்டவில்லை. நாடகாசிரியர் நியூயோர்க்கில் நாடகங்கள் போட்டார், பின்பு படங்களுக்குத் திரைக்கதை எழுதினார். ஒவ்வொரு விமர்சனத்தையும் வெட்டி எடுத்து, அதில் ஒரு சிறுமி வருகிறாளா என்று தேடினேன்.

போன ஞாயிறு, ஓல்போர்க்கில் படிக்கும் மகள் வீட்டுக்கு வந்தபோது அந்தத் துண்டுகளைக் கண்டாள். "அப்பா, இவவை உங்களுக்கு அவ்வளவு பிடிக்குமோ?" என்று டேனிஷில் கேட்டாள். ஓம் என்று சொல்லியிருக்கலாம். இருபது வருடப் பயம் களைத்துப்போயிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்.

"செத்த நேரம் அவைக்கு எத்தினை வயசு?" என்று தமிழில் கேட்டாள்.

"அண்ணாவுக்கு இருபத்தொன்பது. அண்ணிக்கு இருபத்திமூன்று."

தலையாட்டினாள். பின்னேரப் பஸ்ஸில் போய்விட்டாள். இன்று வெள்ளி. மூன்று தரம் அழைத்துப் பார்த்தேன். அவள் தொலைபேசியை எடுக்கவில்லை.