ஜைனம்பு அக்காவின் ஸ்பானியச் சொற்கள்

செவ்வாய்க்கிழமை காலை, சேத்தியாத்தோப்பு பஸ்ஸிலிருந்து இறங்கிய ஜைனம்பு அக்காவின் கொழுந்தனார் நேராகப் பீங்கான் தொழிற்கூடத்துக்கு வந்து நின்றார். "அண்ணி மவுத்தாயிட்டாங்க. உங்களுக்குத்தான் மொதல்ல சொல்லணும்னு தோணுச்சு." தங்கை வீட்டுக்குப் போன இடத்தில் நெஞ்சுவலி. ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

ஜைனம்பு அக்காவும் நானும் பத்து வருடத்துக்கு மேல் கோப்பை விளிம்புகளில் நீலக்கோடு இழுத்தோம். அவருடைய கை துளியும் பிசகாது. கால் மட்டும் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும்.

அறுபதுகளின் கடைசியில், கப்பலில் சமையல்காரராக இருந்த அவர் கணவர், ஸ்பெயின் நாட்டுத் துறைமுக ஆஸ்பத்திரி ஒன்றில் காய்ச்சலால் இறந்தார். அவருடைய பெட்டியைப் பற்றி ஸ்பானிய மொழியில் ஒரு கடிதம் வந்தது.

"நீங்க கையெழுத்து போட்டா போதும் அண்ணி, நான் எழுதி வாங்கிக்கறேன்" என்றார் கொழுந்தனார்.

"என்ன எழுதியிருக்குதுன்னே தெரியாம எதுல கையெழுத்து போடறது?"

அந்த ஞாயிறே புதுச்சேரிக்குப் பஸ் ஏறினார். அங்கே ஸ்பெயினிலிருந்து வந்திருந்த கன்னியாஸ்திரி ஒருவரைத் தேடிப் பிடித்து, வாராவாரம் மொழி படிக்கப் போனார். திங்கட்கிழமைகளில் எனக்குப் புதுச் சொற்கள் கிடைக்கும்.

"மீயோன்னா என்னுது. துவென்யான்னா சொந்தக்காரி. பயமா இருக்குதுங்கறதுக்கு, தெங்கோ மியேதோங்கறாங்க. பயத்த நான் வெச்சிருக்கேன்னு அர்த்தமாம்."

"உங்களுக்குப் பயமா இருக்குதா அக்கா?"

"இருக்குது. வெச்சிக்கிட்டுத்தான் எழுதறேன்."

அந்தக் கடிதத்துக்குப் பதிலை ஸ்பானிய மொழியில் தம் கையாலேயே எழுதி அனுப்பினார். பதில் வரும்வரை மதியச் சாப்பாட்டு நேரத்தில் தபாலாபீசுக்கு ஓடுவார், சாப்பிடாமலே திரும்புவார். பல மாதம் கழித்துப் பெட்டி வந்தது. சட்டைகள், தொழுகைத் தொப்பி, அக்கா கணவருக்கு எழுதிய கடிதங்கள். அடியில் ஒரு கைக்கடிகாரம். அதன் பின்புறம் வேறு யாரோ ஒருவரின் பெயர் பொறித்திருந்தது. அதே ஆஸ்பத்திரியில் இறந்த இன்னொரு மாலுமியுடையது, தவறுதலாக இந்தப் பெட்டிக்குள் வந்துவிட்டது.

"வித்துடலாம் அண்ணி. யாரு கேக்கப் போறாங்க?"

"எங்கிட்ட வந்துட்டா எனக்குச் சொந்தமாயிடுமா? இதுக்கும் அவங்க பாஷையில ஒரு சொல்லு இருக்குது. அஹேனோ. அடுத்தவங்களுது."

அதன் பிறகு அவருக்கு நிம்மதியே இல்லை. கோடு இழுக்கும்போதே சட்டென்று கேட்பார்: "அவங்க வூட்லயும் பெட்டியக் கொட்டித் தேடியிருப்பாங்க இல்ல?" துறைமுகத்துக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டார். சில வருடங்கள் பதிலே இல்லை. இந்த வருடம்தான் அந்த மாலுமியுடைய தாயாரின் முகவரி கிடைத்தது. கடிகாரத்தைத் துணியில் சுற்றித் தைத்து, தம் பெயரிலேயே பதிவுத் தபாலில் அனுப்பினார். "போய்ச் சேந்திருக்குமா?" என்று தினமும் என்னைக் கேட்டார். தெரியாமலே போய்விட்டார்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவர் வீட்டில் இருந்தேன். வெளிநாட்டுத் தபால்தலையோடு ஒரு கடிதம் வந்தது. கொழுந்தனார் அதை என்னிடம் நீட்டினார். அக்கா சொல்லி எழுதிக் காட்டிய சொற்கள் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு வரியாகத் தேடினேன். ரெலோஹ். கடிகாரம். மி இஹோ. என் மகன். மறுபடியும், மி இஹோ.

"என்ன எழுதியிருக்குது?"

"கெடைச்சிடுச்சாம்" என்றேன்.

அவர் தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அக்கா, இனி நீங்கள் தபாலாபீசுக்கு ஓட வேண்டியதில்லை. போய் வாருங்கள்.