வளைவில் விழுந்த கையெழுத்து

மக்களே, என் மகளுடைய டீச்சர் டிரெயினிங் மனு இன்று உள்ளே போய்விட்டது!

கடைசி நாள் இன்றுதான். எம்.எல்.ஏ. கையெழுத்திட்ட நன்னடத்தைச் சான்று வேண்டும். அவரைத் தேடி வத்தலக்குண்டு போய், காணாமல், கையெழுத்தில்லாத சான்றுத் தாளோடு, மனு கொடுக்கும் ஆபீஸ் இருக்கும் கொடைக்கானலுக்குப் பஸ் ஏறினேன்.

பக்கத்தில் கதர்ச்சட்டைக்காரர். மூன்றாவது வளைவிலேயே வாந்தி. மோந்து பார்க்க எலுமிச்சம்பழம் கொடுத்தேன்.

"மேல என்ன சோலிங்க?"

"மனு வாங்கப் போறேன்."

மயக்கத்தில் உளறுகிறார் என்று திருத்தினேன். "குடுக்கப் போறேன்னு சொல்லுங்க. ஆனா யார்கிட்டக் குடுப்பீங்க? நம்ம எம்.எல்.ஏ. ஓட்டுக் கேக்க மட்டுந்தான் மலையேறுவாரு!"

கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணே, அவருதான் எம்.எல்.ஏ.!"

அவரோ சிரித்தார். "உள்ளதுதாங்க. எலெக்‌ஷன்ல ரெண்டு தடவை ஜெயிச்சேன். இந்த வளைவுகளை இன்னும் ஜெயிக்கல."

வெட்கத்தை மடித்துவைத்துவிட்டுத் தாளை நீட்டினேன். அவர் பேனாவை வைக்கவும் பஸ் திரும்பவும் சரியாக இருந்தது. கையெழுத்து தாளின் ஓரம்வரை ஓடியது. அதன் கீழே, "பஸ் வளைவில் போட்டது, கை என்னுடையதே" என்று எழுதிக் கொடுத்தார்.

ஆபீஸில் கிளார்க் அதைப் படித்துச் சிரித்து முத்திரை குத்தினார். பிறகு விரலை மனுவின்மேல் நகர்த்தினார்.

"சரிங்க. பக்கத்துல இன்னொண்ணு கோழி கிண்டுன மாதிரி கெடக்கே, அதுவும் பஸ்ல போட்டதா?"

அது தகப்பன் கையெழுத்து; அதாவது என்னுடையது. வீட்டில், பலகைமேல் வைத்து, நிதானமாகப் போட்டது.

நீங்களே சொல்லுங்கள், நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்?