கைலிக்குள் ஒரு சிலுவார்

கசங்கின துணியோடு யாராவது என் எதிரில் வந்து நின்றால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். பேரன் முழங்காலில் கிழிந்த ஜீன்ஸைக் காசு கொடுத்து வாங்கி வருகிறான். அதைப் பற்றி வாயைத் திறந்தால் வீட்டில் சண்டை வரும், அதனால் பேசாமல் இருக்கிறேன்.

இந்த வியாதி எனக்குப் பத்தொன்பது வயதிலேயே முற்றிவிட்டது. அப்போது மலாயாவில், பாடாங் மேஹா பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தேன். ஜப்பான்காரன் போய், வெள்ளைக்காரத் துரை திரும்பி வந்திருந்த காலம். தொழிலாளிகளுக்கான லயத்து வரிசையில் ஒற்றை அறை வீடு. அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் தோட்ட வேலைதான். மூன்று பேர் துணியிலும் ரப்பர் பால் கறை. அது பட்டுக் கறுத்துவிட்டால் எந்தச் சோப்புக்கும் அசையாது.

நல்ல உடுப்பு என்று என்னிடம் இருந்தது ஒரே ஒரு வெள்ளைச் சட்டை. அதன் காலர் கழுத்தில் உரசி உரசி நூல் நூலாகப் பிரிந்தபோது, தையலைப் பிரித்து, காலரை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிக் கையாலேயே தைத்துவிட்டேன். சோறு வடித்த கஞ்சியில் முக்கி நிழலில் காயவைத்து, பித்தளைச் செம்பில் அடுப்புத் தணலைப் போட்டு, அதன் அடிப்பக்கத்தால் தேய்ப்பேன். தணல் கூடினால் சட்டை தீய்ந்துவிடும், குறைந்தால் சுருக்கம் போகாது. குடிக்கிற செம்பைக் கரியாக்குகிறேன் என்று அம்மா திட்டுவாள். லயத்தில் என்னை 'மாப்பிள்ளை' என்று கூப்பிடுவார்கள். கேலிதான் என்று தெரியும், இருந்தாலும் கேட்க நன்றாக இருக்கும்.

அந்த வருஷம் தீபாவளித் துணி எடுக்க அம்மாவோடு கூலிம் டவுனுக்குப் போயிருந்தேன். தமிழ் முஸ்லிம் ஒருவருடைய ஜவுளிக்கடை. முதலாளி சீட்டித் துணியை விரித்துக் காட்டிக்கொண்டே என் கழுத்தைப் பார்த்தார்.

"இந்தக் காலரைத் திருப்பினது யாரு தம்பி?"

"நான்தாங்க."

கிட்ட வந்து தையலைத் தடவிப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் சொன்னார்: "துணியோட அருமை தெரிஞ்ச பிள்ளை. எனக்குக் கடையில ஓர் ஆள் வேணும். தீபாவளி அவசரம் முடியட்டும். அடுத்த திங்கக்கிழமை ரெண்டு மணிக்கு வரச் சொல்லுங்க, அப்பதான் கடை ஓய்வா இருக்கும். ஆனா கைலியோட வரக்கூடாது. சிலுவாரு, சப்பாத்து போட்டுக்கிட்டு வரணும். துரை வீட்டு அம்மாமாருங்க வர்ற கடை லா இது."

வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். தோட்டத்தை விட்டு வெளியே ஒரு வேலை. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வாய்க்காதது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பஸ் ஏறிய பிறகுதான் பயம் வந்தது.

தோட்டத்தில் சிலுவார், அதாவது முழுக்கால் சட்டை, போடுவது துரையும் கிராணியும்தான். தொழிலாளி போடக்கூடாது என்று எங்கும் எழுதி ஒட்டவில்லை, எழுத வேண்டிய தேவையும் இல்லை. ஆபீஸ் கணக்கையும் ஆள் கணக்கையும் பார்க்கிற பெரிய கிராணி எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைக்க வேண்டும். மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட வேண்டும். எங்கள் லயத்துப் பையன் ஒருவன் திருவிழாவுக்குச் சிலுவார் போட்டுக்கொண்டு வந்து கிராணியின் எதிரிலேயே சாமி கும்பிட்டான். மறுநாளே அவனைச் சேற்றுக் காட்டுக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாளில் ஏதோ காரணம் சொல்லிப் பேரையும் வெட்டினார்கள். பேர் வெட்டினால் வேலை போயிற்று. வீட்டில் வேறு யாருக்கும் பேர் இல்லையென்றால் லயத்து வீடும் போயிற்று.

அப்பாவுக்குக் கடை விஷயம் தெரியும். சிலுவார் விஷயத்தை அம்மா சொல்லவில்லை. அவர் அந்த மண்ணில் யாரையும் நிமிர்ந்து பார்த்து நான் பார்த்ததில்லை. சொன்னால், போகவே வேண்டாம் என்று சொல்லியிருப்பார்.

கோழி விற்ற காசை எடுத்துக்கொண்டு வாரச் சந்தைக்குப் போனேன். பழைய துணி விற்கிற சீனரிடம் பட்டாளத்துக் காக்கிச் சிலுவார்கள் குவிந்து கிடந்தன. நான் எடுத்ததில் என்னைப்போல் இரண்டு பேர் நுழையலாம். தையல்காரர் கேட்ட கூலிக்கு இன்னொரு சிலுவாரே வாங்கலாம் போலிருந்தது, திரும்பி வந்துவிட்டேன். ஒரு காலைப் பிரித்து எப்படி வெட்டியிருக்கிறார்கள் என்று பார்த்து, அதே மாதிரி இரண்டையும் சிறுக்கினேன். கெட்டித் துணி, ஊசி இறங்காது. சோப்புக்கட்டியில் ஊசியைக் குத்திக் குத்தி எடுத்துத் தைத்தேன். முழங்காலில் இருந்த ஓட்டைக்கு, வெட்டி எடுத்த துண்டையே உள்ளே வைத்து ஒட்டுப் போட்டேன். காலுக்குக் கான்வாஸ் சப்பாத்து ஜோடி ஒன்று மலிவாகக் கிடைத்தது. அதற்குச் சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பைப் பூசி வெள்ளையாக்கினேன். அப்பா இல்லாத நேரம் பார்த்துத்தான் இவ்வளவும். ஞாயிறு இரவு சிலுவாரை மடிப்புக் கலையாமல் பாய்க்கு அடியில் வைத்து அதன்மேல் படுத்தேன். புரண்டு படுக்கவும் பயம்.

தோட்டத்தை விட்டு வெளியே போக ஒரே பாதைதான். அது கிராணி வீட்டு வாசலை ஒட்டிப் போகும். எதிரில் பால் நிறுக்கிற கொட்டகை. உச்சி வேளையில் எல்லோரும் பால் வாளியோடு அங்கேதான் நிற்பார்கள். பஸ்ஸோ அந்த நேரத்துக்குத்தான் வரும். நான் ஒரு யோசனை செய்தேன். சிலுவாரைப் போட்டு, அதை மறைத்துக் கைலியைக் கட்டிக்கொள்வது. தோட்டத்து எல்லையைத் தாண்டியதும் கைலியை அவிழ்த்துப் பையில் வைத்துக்கொள்வது. சப்பாத்து துண்டில் சுற்றிக் கையில் இருக்கும். இவ்வளவு புத்தி எனக்கு இருப்பதை நினைத்து நானே மெச்சிக்கொண்டேன்.

திங்கட்கிழமை என் மரங்களை அவசரமாகச் சீவிவிட்டு, பாலை எடுக்கும் வேலையை அம்மாவிடம் விட்டு ஓடிவந்தேன். குளித்து, எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்து, உடுத்திக்கொண்டு கிளம்பினேன். கைலிக்குள் சிலுவார் தொடையோடு உரசிச் சரசர என்றது. எனக்கு மட்டும்தான் கேட்கிறதா, ஊருக்கே கேட்கிறதா என்று தெரியவில்லை. கொட்டகையில் நிறையப் பேர் வரிசை பிடித்து நின்றார்கள். அப்பாவும் காண்டாக் கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் வாளி தொங்க நின்றிருந்தார். நான் குனிந்த தலை நிமிராமல் நடந்தேன்.

"டேய்!"

கிராணி. வீட்டுப் படியில் நின்றிருந்தார், பின்னால் அவர் மனைவி. கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவருடைய வெள்ளைச் சிலுவார் காற்றில் பறந்து வாசலை ஒட்டிய கால்வாயில் விழுந்து கிடந்தது. நல்ல டிரில் துணி. அந்த நிலைமையிலும் என் கண் அதைத்தான் பார்த்தது.

"எடுடா அதை."

கால்வாயில் முழங்கால் அளவுக்குச் சேற்றுத் தண்ணீர். மூட்டையைக் கரையில் வைத்தேன். அப்படியே இறங்கப் போனேன்.

"கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டு இறங்குடா, முட்டாள்."

மடித்துக் கட்டினால் சிலுவார் தெரியும். கட்டாவிட்டால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று ஆகும். கொட்டகையில் பேச்சு நின்று எல்லோரும் இந்தப் பக்கம் திரும்பினார்கள். எங்கிருந்து வந்ததோ, வாயில் வந்துவிட்டது:

"ஐயா முன்னாடி மடிச்சுக் கட்டினா மரியாதை இல்லீங்க. அம்மா வேற நிக்கிறாங்க."

கிராணிக்கு அது பிடித்திருந்தது. மனைவியைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். நான் கைலியோடு, சிலுவாரோடு தண்ணீரில் இறங்கினேன். ராத்திரியெல்லாம் கண்விழித்துக் காத்த மடிப்பு சேற்றில் ஊறிற்று. அவருடைய சிலுவாரை எடுத்துப் பிழிந்து, கரையேறி, இரண்டு கையாலும் நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நனைந்த கைலி காலோடு ஒட்டிப் போயிருந்தது. உள்ளே இருந்த சிலுவாரின் தையலும் மடிப்பும் அப்படியே தெரிந்தன. ஈரத் துணி ஒட்டும் என்பது துணி தெரிந்த எனக்குத் தோன்றாமல் போயிற்று.

"கைலியை அவுரு," என்றார் கிராணி. குரல் உயரவில்லை.

நான் அசையவில்லை. அவமானமா, கோபமா, எது முந்தியது என்று தெரியாது. அவர் திரும்பவும் சொன்னார். நான் முடிச்சைத் தளர்த்தினேன். கைலி காலடியில் விழுந்தது. காக்கிச் சிலுவாரில் சேறு வடிய, அத்தனை பேர் முன்னால் நின்றேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

"யாரு குடுத்த தைரியம்டா இது?"

"நான்தாங்க," என்று கொட்டகைப் பக்கம் குரல் கேட்டது. அப்பா. காண்டாவை இறக்காமலே இரண்டு எட்டு முன்னால் வந்தார். "நான்தாங்க வாங்கிக் குடுத்தேன். போடச் சொன்னதும் நான்தான்."

அவர் அந்தச் சிலுவாரை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார். கிராணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். அப்பா கண்ணைத் தாழ்த்தவில்லை.

"அப்ப நாளைக்குப் பெரட்டுக்கு நீ வர வேணாம். பேரை வெட்டிடுறேன்."

"சரிங்க," என்றார் அப்பா. என்னிடம் திரும்பினார். "பஸ்ஸு வந்துரும். ஓடு." மறுபடி வரிசையில் போய் நின்றுகொண்டார். அன்றைய பாலை நிறுக்க வேண்டுமே.

நான் கிராணியின் சிலுவாரைப் படியில் வைத்துவிட்டு, கைலியையும் மூட்டையையும் அள்ளிக்கொண்டு ஓடினேன். பஸ்ஸில் உட்காரவில்லை. நின்றுகொண்டே ஜன்னல் காற்றில் காலைக் காட்டிக்கொண்டு வந்தேன். வீட்டை விட்டுக் கிளம்பும்போது அது எனக்குக் கிடைத்தால் நன்றாக இருக்கும் வேலை. இப்போது கிடைத்தே ஆக வேண்டிய வேலை. சப்பாத்தைப் போட்டுப் பார்த்தேன், சிலுவாரிலிருந்து சொட்டிய தண்ணீரில் சுண்ணாம்பு கரைந்து கோடு கோடாக இறங்கியது. பக்கத்தில் நின்ற பெண் சேலையை ஒதுக்கிக்கொண்டாள்.

முதலாளி என்னை வாசலிலேயே நிறுத்தினார்.

"என்ன தம்பி, கால்வாயில விழுந்துட்டியா?"

"இறங்கினேன் முதலாளி."

"எதுக்கு?"

"கிராணியோட சிலுவாரை எடுக்க."

அவர் சிரிக்க வாயைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். நான் எதையும் மறைக்காமல் சொன்னேன். அப்பா பேர் வெட்டுப்பட்டதையும் சொன்னேன். அவர் ஒரு மல்துணிக் கட்டை எடுத்துப் பலகையில் போட்டார்.

"இதைப் பிரிச்சு, திரும்ப மடிச்சுக் காட்டு. உன் ஈரம் துணியில படக்கூடாது."

பலகையிலிருந்து ஓரடி தள்ளி நின்று, கையை நீட்டிப் பிரித்தேன். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நீவி, மடித்தேன். ஒரு மடிப்பு கோணிக்கொண்டது. அதைப் பிரித்து மறுபடி மடித்தேன். அவர் கட்டைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"நாளைக்குக் காஞ்ச சிலுவாரோட வா," என்றார்.

வீட்டுக்குத் திரும்பியபோது விஷயம் லயம் முழுக்கத் தெரிந்திருந்தது. அம்மா பேர் இருந்ததால் வீடு அப்போதைக்குத் தப்பியது. வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னேன். அம்மா அழுதாள். அப்பா "ம்" என்றார், அவ்வளவுதான். சிலுவாரைத் துவைத்து அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போட்டேன்.

விடிவதற்கு முன், ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடுகிற பெரட்டு மணி அடித்தது. அம்மா வாளியை எடுத்துக்கொண்டு போனாள். அப்பாவும் பழக்கத்தில் எழுந்து, தலைத்துண்டைக் கட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் போய்விட்டார். அங்கே போய்த்தான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஆட்கள் அவரைக் கடந்து போனார்கள். எல்லோரும் போன பிறகு உள்ளே வந்து, துண்டை அவிழ்த்து, சுவரோரம் உட்கார்ந்தார். அவருக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை.

நான் சிலுவாரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு ஆசைப்பட்டுச் சேர்த்த உடுப்பு. அவர் எதிரில் போட்டுக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருந்தது. எங்காவது இருட்டு மூலை கிடைக்காதா என்று பார்த்தேன். ஒற்றை அறையில் மூலைக்கு எங்கே போவது?

"என்னடா நிக்கிறே?" என்றார் அப்பா. "நல்லாப் போட்டுக்கிட்டுப் போ. இருபது வருஷ வேலையைக் குடுத்து வாங்கின சிலுவாருடா அது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் பார்க்கப் பார்க்க, ஒவ்வொரு பொத்தானாகப் போட்டேன்.